விழுந்தது டம்ளர், படுத்தது சர்வர்

கேள்வி: புதிதாக ஒரு ஐடி நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். மீட்டிங்கில் ஒருவர் ‘தி சர்வர் ஃபெல் ஓவர்’ என்றார். ரேக்கிலிருந்து பெட்டி சரிந்து விழுந்துவிட்டது போல என்று நினைத்து, யாருக்கும் அடிபடவில்லையே என்று கேட்டுவிட்டேன். ஒரே சிரிப்பு. ஃபால் டவுன், ஃபால் ஓவர், ஃபால் ஆஃப் எல்லாமே விழுவதுதானே, எதற்கு இத்தனை?

பதில்: சிரித்தவர்களை விடுங்கள். ரேக்கே நிஜமாகச் சாய்ந்து விழுந்திருந்தாலும் அவர் அதே மாதிரிதான் சொல்லியிருப்பார், அதனால் நீங்கள் புரிந்துகொண்டதில் ஒரு குற்றமும் இல்லை. தமிழில் நாமும் ‘சர்வர் படுத்துடுச்சு’ என்கிறோம் இல்லையா, அதேதான். நின்றுகொண்டிருந்த ஒன்று நிற்க முடியாமல் படுத்துவிட்டது என்கிற படம் இரண்டு மொழிக்கும் பொது. கூட்டம் தாங்காமல் ஒரு இணையதளம் முடங்கினாலும், பெரிய ஃபைலைக் கொடுத்ததும் ஒரு புரோகிராம் நின்றுபோனாலும் ஃபால் ஓவர் என்று சொல்லலாம். ஆனால் இது பேச்சுவழக்கு. வாடிக்கையாளருக்குப் போகும் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

எதற்கு இத்தனை என்றால், ஃபால் என்ற சொல் விழுந்த செய்தியை மட்டும்தான் சொல்லும். எப்படி, எங்கிருந்து, எந்தப் பக்கம் என்பதையெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வால்தான் சொல்லவேண்டும். தமிழில் அந்த வேலையை முன்னால் வரும் சொல் செய்துவிடுகிறது: சாய்ந்து விழுந்தது, இடிந்து விழுந்தது, கழன்று விழுந்தது, தடுக்கி விழுந்தான். நமக்கும் விழுவதில் இத்தனை வகை உண்டு, பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

மேஜை மேல் ஒரு டம்ளர் இருக்கிறது. கை பட்டு அது மேஜை மேலேயே சாய்ந்தால் ஃபால் ஓவர். உருண்டு போய் விளிம்பைத் தாண்டித் தரைக்குப் போனால் ஃபால் ஆஃப். சாயும்போது உள்ளே இருந்த ஸ்பூன் வெளியே விழுந்தால் ஃபால் அவுட். மேஜைப் பலகை நடுவில் உடைந்து அந்த ஓட்டை வழியே டம்ளர் கீழே போனால் ஃபால் த்ரூ. பலகை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று மேஜையே கழன்றுபோனால் ஃபால் அபார்ட். தரையில் கிடக்கும் இந்தக் குப்பையெல்லாம் காலில் இடறி நீங்கள் விழுந்தால், மறுபடியும் ஃபால் ஓவர்தான், ஆனால் இப்போது எதில் இடறினீர்களோ அதன் பெயரும் பின்னால் வரும்.

ஃபால் டவுனை ஏன் விட்டேன் என்றால் அது பொதுச்சொல், மனிதர்கள் விஷயத்தில் டவுன், ஓவர் இரண்டுமே சர்வசாதாரணம். கட்டடங்களில்தான் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம் என்றைக்காவது விழுந்தால், அது சாய்ந்திருக்கும் பக்கமாக மொத்தமாகச் சரியும் என்றுதான் எல்லோரும் கற்பனை செய்கிறோம், அந்தக் கற்பனைக்குச் சொல் ஃபால் ஓவர். வெனிஸ் நகரத்தில் சான் மார்க்கோ சதுக்கத்து மணிக்கூண்டு 1902 ஜூலை 14 அன்று நிஜமாகவே விழுந்தது, ஆனால் பக்கவாட்டில் சாயாமல் நின்ற இடத்திலேயே பொலபொலவென்று செங்கல் குவியலாக இறங்கிவிட்டது. அது ஃபால் டவுன். (மனித உயிர் ஒன்றுகூடப் போகவில்லை, காவலாளியின் பூனைதான் பாவம். 1912-ல் அதே இடத்தில் அதே மாதிரி கட்டிவிட்டார்கள்.)

இந்தப் படங்கள் மனதில் நின்றுவிட்டால், உருவகமாக வரும் இடங்களில் பெரும்பாலும் தடுமாறமாட்டீர்கள். ஒருவருடைய வாதம் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்து ஒரு இடத்தில் நிற்காமல் போகிறதா, அந்த இடத்தில் வாதம் ஃபால்ஸ் டவுன், பாரம் தாங்காத சுவர் மாதிரியே. வகுப்புக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்களா, வருகை ஃபெல் ஆஃப். இதில் ‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்பது உள்ளே இருக்கிறது. ஒரே நாளில் சடாரென்று குறைந்தால் கூடவே மலைவிளிம்பையும் சேர்த்து ‘ஃபெல் ஆஃப் எ கிளிஃப்’ என்பார்கள்.

கேள்வி: வீடு வாங்கப் பேசி, விலையெல்லாம் முடிந்து, கடைசி நேரத்தில் விற்பவர் பின்வாங்கிவிட்டார். இதை நண்பருக்கு எழுதும்போது ‘தி டீல் ஃபெல் அபார்ட்’ என்று எழுதினேன். மகள் ‘ஃபெல் த்ரூ’ என்று திருத்துகிறாள். யார் சரி?

பதில்: உங்கள் மகள் சொன்னதுதான் இந்த இடத்தில் முதலில் வரவேண்டியது, ஆனாலும் நீங்கள் எழுதியது பிழை என்று சொல்லமாட்டேன். ஃபால் த்ரூ என்றால் ஏற்பாடு செய்த ஒன்று நடக்காமலே போய்விட்டது, அவ்வளவுதான், காரணம் என்ன, யார் பின்வாங்கினார் என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை. காலடியில் தரை இருக்கிறது என்று நம்பி எடுத்துவைத்தோம், தரை இல்லை. ஃபால் அபார்ட் என்றால் சேர்ந்து நின்ற பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்துவிட்டன: வங்கி ஒரு பக்கம் இழுத்தது, பத்திரம் ஒரு பக்கம் இழுத்தது, கூட்டாளிகளுக்குள் ஒத்துப்போகவில்லை, எல்லாம் சேர்ந்து ஒப்பந்தம் சிதறியது என்றால் அபார்ட் நன்றாகவே பொருந்தும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி, அந்தக் காரியம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததா என்று கேட்டுக்கொள்வது. முடிவான திருமணம் நாள் வருவதற்கு முன்பே நின்றுபோனால் த்ரூ. கல்யாணமாகி வருடக்கணக்கில் வாழ்ந்தபின் முறிந்தால் அபார்ட், அங்கே த்ரூ போட்டால் கேட்பவருக்குத் தலை சுற்றும். பயணத் திட்டம் ரத்தானால் த்ரூ, பாதிப் பயணத்தில் எல்லாம் குளறுபடியானால் அபார்ட்.

இன்னொன்று. உருவகப் பொருளில் ஃபால் த்ரூவுக்கு எழுவாயாகத் திட்டம், ஒப்பந்தம், ஏற்பாடு மாதிரியான ஒன்றுதான் வரவேண்டும். ‘ஐ ஃபெல் த்ரூ’ என்று எழுதினால் கூரை உடைந்து உள்ளே விழுந்துவிட்டீர்களா என்றுதான் கேட்பார்கள். ஃபால் அபார்ட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, மனிதரையும் தாராளமாகச் சொல்லலாம்: அப்பா இறந்ததும் அவன் ஃபெல் அபார்ட். தமிழில் ‘இடிந்துபோனான்’, ‘உடைந்துபோனான்’ என்பதெல்லாம் இதுதான்.

கேள்வி: ‘ஐ ஃபெல்ட் டவுன் ஃப்ரம் தி பைக்’ என்று லீவு லெட்டர் எழுதினேன். மேலாளர், ‘மனசு சரியில்லையா?’ என்று கேட்கிறார்!

பதில்: கரிசனமான மேலாளர். ஃபால், ஃபெல், ஃபாலன் ஒரு குடும்பம். ஃபீல், ஃபெல்ட், ஃபெல்ட் வேறு குடும்பம். ‘ஃபெல்ட் டவுன்’ என்றால் மனம் சோர்ந்திருந்தது என்று பொருள், கடைசியில் ஒரு ‘ட்’ சேர்ந்ததில் அடி முழங்காலிலிருந்து மனதுக்குப் போய்விட்டது. ‘ஐ ஃபெல் ஆஃப் தி பைக்’ என்று எழுதியிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. வண்டியின் மேல் உட்கார்ந்திருந்து விழுந்தீர்கள், அதனால் ஆஃப். ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டி தானாகச் சாய்ந்தால்தான் வண்டி ஃபெல் ஓவர்.

இதில் மூன்றாவதாக இன்னொரு குடும்பமும் உண்டு: ஃபெல், ஃபெல்ட், ஆனால் இந்த ஃபெல்ட்டை எழுதும்போது கடைசியில் ‘டி’ (t) வராது, ‘இடி’ (ed) வரும், உச்சரிப்பும் ‘ஃபெல்டு’ என்று கொஞ்சம் மெத்தென்று இருக்கும். மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு அந்த வினைதான். மரம் தானாக விழுந்தால் ஃபால், ஆள் வெட்டி வீழ்த்தினால் ஃபெல். நம்முடைய விழு, வீழ்த்து ஜோடி மாதிரியேதான், பழைய ஆங்கிலத்தில் ஒரே வேரிலிருந்து வந்த தன்வினையும் பிறவினையும்.

இதைச் சொல்லும்போதே ஒரு விஷயம். நிறையப் பேர் ‘ஐ ஃபெல் தி ஃபோன்’ என்று எழுதுகிறார்கள். ஃபால் என்பது தானாக விழுவது, அதற்குச் செயப்படுபொருள் கிடையாது. போனைக் கைதவறிக் கீழே போட்டால் டிராப். கை பட்டு டம்ளரைச் சாய்த்தால் நாக் ஓவர். விளிம்பிலிருந்து தட்டிவிட்டால் நாக் ஆஃப். கவனித்தீர்களா, வினை மாறினாலும் ஓவர், ஆஃப் என்கிற வால் அப்படியே இருக்கிறது, டம்ளருக்கு யார் தள்ளினால் என்ன, அது போன பாதை ஒன்றுதானே. அப்புறம், செயப்படுபொருள் இல்லாததால் செயப்பாட்டு வினையும் கிடையாது. ‘ஹி வாஸ் ஃபாலன் டவுன்’ என்று எழுதவே எழுதாதீர்கள், வெறும் ‘ஹி ஃபெல் டவுன்’ போதும்.

கேள்வி: முடி கொட்டுவதும் ஃபால் அவுட், நண்பர்கள் சண்டை போடுவதும் ஃபால் அவுட், செய்தியில் ‘பொலிட்டிக்கல் ஃபால்அவுட்’ என்கிறார்கள். மூன்றுக்கும் என்னதான் சம்பந்தம்?

பதில்: அருமையான கேள்வி, இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முடியும் பல்லும் உள்ளே வேர்விட்டு இருப்பவை, வெளியே வந்து விழுகின்றன, அதனால் அவுட். ‘மை ஹேர் இஸ் ஃபாலிங் ஆஃப்’ என்று எழுதுகிறவர்கள் அதிகம், ஆனால் ஆஃப் என்பது மேல்பரப்பில் ஒட்டியிருப்பது கழன்று விழ. சட்டைப் பட்டன் ஃபால்ஸ் ஆஃப், பல் ஃபால்ஸ் அவுட். தலையில் வைத்த விக் என்றால் தாராளமாக ஆஃப். கட்டிலிலிருந்து விழுந்தாலும் அவுட் ஆஃப்தான் (out of, கழன்று விழும் off வேறு), ஜன்னலிலிருந்தும் அப்படியே. கிளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் விழுந்தால் அவுட் ஆஃப் தி ட்ரீ. நாற்காலியிலிருந்து என்றால் ஆஃப். எதற்குள் இருந்தோம், எதன் மேல் இருந்தோம் என்பதுதான் கணக்கு.

நண்பர்களுக்குள் பிணக்கு வந்து பேச்சு நின்றுபோவதும் ஃபால் அவுட், யாரோடு என்று சொல்ல பின்னால் ‘வித்’ வரும். ராணுவ அணிவகுப்பில் ‘ஃபால் இன்’ என்றால் வரிசையில் சேர், ‘ஃபால் அவுட்’ என்றால் வரிசையைவிட்டு வெளியே போ. நட்பு முறிவு இந்தக் கட்டளையிலிருந்துதான் பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் இரண்டுக்கும் படம் ஒன்றுதான், சேர்ந்து நின்றவர்கள் வெளியேறிவிட்டார்கள். நினைவில் வைக்க அது போதும்.

மூன்றாவதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஃபால்அவுட் என்று ஒரே சொல்லாக எழுதினால் அது பெயர்ச்சொல், அதற்குச் சண்டை என்ற பொருள் கிடையாது. அணுகுண்டு வெடித்தபின் வானத்தில் மேலெழும்பிய கதிரியக்கத் தூசு திரும்பித் தரையில் வந்து படிவதற்குத்தான் அந்தப் பெயர். 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினி தீவுத்திட்டில் வெடித்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில், எச்சரிக்கை எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த லக்கி டிராகன் என்ற ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது, அதில் இருந்த 23 பேருக்கும் கதிர்வீச்சு நோய் வந்தது. இந்தச் சொல்லின் நேர்ப்பொருளுக்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது. வெடித்த இடம் ஒன்று, சாம்பல் விழுந்த இடம் வேறு, விழுந்ததோ சம்பந்தமே இல்லாதவர்கள் தலையில். அதனால்தான் ஒரு முடிவோ ஊழலோ வெடித்தபின் அதன் பாதிப்பு எங்கெங்கோ போய் யார் யார் தலையிலோ விழுவதற்குப் பத்திரிகைகள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன.

அப்படியானால் நண்பர்களின் சண்டைக்குப் பெயர்ச்சொல் என்ன? ஃபாலிங்-அவுட். ‘வீ ஹேட் எ ஃபாலிங்-அவுட்’ என்றால் மனஸ்தாபம். ‘வீ ஹேட் எ ஃபால்அவுட்’ என்று எழுதினால் அணுகுண்டு வாசனை அடிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘விழுந்து விழுந்து சிரித்தான்’, ‘விழுந்து விழுந்து கவனித்தார்கள்’ இரண்டையும் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பதில்: ஆச்சரியம் என்னவென்றால் இரண்டிலும் ஆங்கிலேயர்களும் விழத்தான் செய்கிறார்கள். முதலாவது பிரிட்டிஷ் பேச்சில் ‘ஃபெல் அபவுட் லாஃபிங்’. அமெரிக்கர்களிடம் அபவுட் எடுபடாது, அவர்களிடம் ‘ஃபெல் ஓவர் லாஃபிங்’ என்றால் புரியும். இரண்டாவது ‘ஃபெல் ஓவர் தெம்செல்வ்ஸ்’, அதாவது தன் காலே தடுக்கித் தானே விழுகிற அளவுக்குப் பரபரப்பு. இதில் லேசான கிண்டல் உண்டு, நம் ‘விழுந்து விழுந்து’ மாதிரியே: ஆள் பெரிய பதவிக்கு வந்ததும் முந்தாநாள் வரை திரும்பிப் பார்க்காதவர்கள் விழுந்து விழுந்து கவனிப்பார்கள் பாருங்கள், அந்தத் தொனி. உண்மையான நன்றியோடு, ‘எங்களுக்காக ரொம்பச் சிரமப்பட்டார்கள்’ என்று சொல்ல இதை எடுக்காதீர்கள், அதற்கு ‘பென்ட் ஓவர் பேக்வர்ட்ஸ்’ நல்லது.

எல்லா இடத்திலும் இப்படி ஜோடி கிடைத்துவிடாது. ‘காதில் விழுந்தது’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் வைக்காதீர்கள், ‘ஐ ஹேர்ட்’ என்றாலே போதும். ஆங்கிலத்தில் காதில் விழுவது பெரும்பாலும் செவிட்டுக் காதில்தான், ‘ஃபெல் ஆன் டெஃப் இயர்ஸ்’ என்றால் செவிடன் காதில் ஊதிய சங்கு.

கேள்வி: பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். கொலாப்ஸ், டிக்லைன், ஃபெயில் என்று கம்பீரமான சொற்கள் இருக்கும்போது இந்த வால்களைப் பிள்ளைகள் எதற்கு மனப்பாடம் செய்யவேண்டும்? இதெல்லாம் இப்போது வந்த பேச்சு நாகரிகம் அல்லவா?

பதில்: இல்லை ஐயா, இது பழைய தலைவலி. சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் குட்டிச்சொல் சேர்த்துப் பொருளை மாற்றுவது எங்கள் மொழியில் அதிகம், வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய சிரமமும் அதுதான் என்று எழுதியிருக்கிறார். அவர் தரும் உதாரணங்களில் மூன்று விழுவதைப் பற்றியவை. ஃபால் ஆன் என்றால் தாக்குவது, நம் ‘மேலே விழுந்து’ மாதிரி. ஃபால் ஆஃப் என்றால் மதநம்பிக்கையைக் கைவிடுவது. ஃபால் இன் என்றால் இணங்குவது. பாருங்கள், நடுவில் சொன்னது இன்று அந்தப் பொருளில் அநேகமாக வழக்கில் இல்லை, அதே வால் இப்போது எண்ணிக்கை குறைவதற்குப் போய்விட்டது. இப்படி வால் ஒட்டிய வினைகளுக்கு ஃப்ரேசல் வெர்ப் என்கிற பெயர்தான் புதிது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொன்ன யோசனை என்று குறிப்பிட்டு லோகன் பியர்சால் ஸ்மித் என்ற எழுத்தாளர் அதை 1925-ல் அச்சில் கொண்டுவந்தார்.

மனப்பாடம் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். பட்டியல் போட்டு அர்த்தத்தோடு ஒப்பிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் நிற்காது, ஒரு டம்ளரை மேஜை மேல் வைத்து நிஜமாகவே தள்ளிவிட்டுக் காட்டுங்கள் (பிளாஸ்டிக் டம்ளர்!). ஆனால் வால்களே வேண்டாம் என்பதை ஏற்கமுடியாது. அறிக்கைக்கும் கட்டுரைக்கும் நீங்கள் சொன்ன கம்பீரச் சொற்கள் சரி, பேச்சில் அவற்றையே எடுத்தால் வீட்டுக்குள் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். தவிர, எல்லாவற்றுக்கும் ஈடு கிடைப்பதும் இல்லை. ஃபால் ஃபார் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள், ஒருவர் மேல் ஆசையில் விழுவதும் அதுதான், ஒருவருடைய பொய்யில் ஏமாந்து விழுவதும் அதுதான். ‘ஷி ஃபெல் ஃபார் ஹிம்’ என்றால் காதல், ‘ஷி ஃபெல் ஃபார் இட்’ என்றால் ஏமாந்தாள். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற ஒற்றைச் சொல்லை எங்கே தேடுவீர்கள்? ஃபால் பேக் ஆன் இன்னொன்று: நினைத்தது நடக்காவிட்டால் சாய்ந்துகொள்ளக் கைவசம் வைத்திருக்கும் சேமிப்பு, படிப்பு, தொழில். தவணை கட்டுவதில் பின்தங்கினால் ஃபால் பிஹைண்ட். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டால் பிள்ளைகளுக்குப் பரீட்சை எழுத வரும், பக்கத்து மேஜைக்காரர் பேசுவது புரியாது.

கேள்வி: அமெரிக்காவில் இலையுதிர் காலத்துக்கு ஏன் ஃபால் என்று பெயர்? ‘ஸ்பிரிங் ஃபார்வர்ட், ஃபால் பேக்’ என்கிறார்களே, அதுவும் இதில் சேர்த்தியா?

பதில்: இலை விழும் காலம் என்று பொருள்படும் ‘ஃபால் ஆஃப் தி லீஃப்’ என்ற பழைய தொடரின் மிச்சம் அது. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புழங்கிய சொல்தான், அங்கே ‘ஆட்டம்’ (autumn) என்ற சொல் ஜெயித்துவிட்டது, கடல் கடந்து போனவர்களிடம் ஃபால் தங்கிவிட்டது. நீங்கள் சொன்ன வாசகம் கடிகாரத்துக்கானது. வசந்தத்தில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளு, இலையுதிர் காலத்தில் பின்னே கொண்டுவா. ஃபால் பேக் என்றால் படை பின்வாங்குவது என்றும் பொருள் இருப்பதால் பருவத்தின் பெயரும் வினையும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டன. அமெரிக்காவில் 2007 முதல் கடிகாரத்தைப் பின்னே கொண்டுவரும் நாள் நவம்பர் முதல் ஞாயிறு. அங்கே இருக்கும் யாரோடாவது அன்றைக்கு வீடியோ காலில் பேச நேரம் குறித்திருந்தால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.